1/5 அளவு பெட்ரோல் டூரிங் காரை மின்சாரத்துக்கு மாற்றுவது: எந்த மோட்டார் போடலாம்?

தார்ச்சாலை:
வணக்கம். என்னிடம் 1/5 அளவில், ரிமோட்டில் ஓடும், பின்சக்கர இயக்கமுள்ள டூரிங் கார் ஒன்று இருக்கிறது. 23 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின், நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், சக்கர இடைவெளி 530 மி.மீ., எடை பத்து கிலோவுக்குச் சற்று மேல். போன மாதம் கிராங்க் பேரிங் போய்விட்டது. இன்ஜினைப் பிரித்து மேசைமேல் வைத்து ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் வேறு ஆசை வந்துவிட்டது. மின்சாரத்துக்கு மாற்றிவிடலாமா?

56118 வகை 800 கேவி (வோல்ட்டுக்கு 800 சுற்று) மோட்டாரும், 8 செல் பேட்டரி வரை தாங்கும் 200 ஆம்பியர் வேகக் கட்டுப்படுத்தியும் கண்ணில் பட்டிருக்கின்றன. இந்த மோட்டார் போதுமா, இன்னும் பெரிதாக வேண்டுமா? 6 செல்லா, 8 செல்லா? பழைய வேகம் 80 கி.மீ. சுற்றுவட்டாரம். அதற்குக் குறையாமல் இருந்தால் போதும்.

புகைக்குழல்:
பேரிங் போனதற்காக இன்ஜினையே கழற்றி எறிவதா? இரண்டு பேரிங், இரண்டு சீல், ஒரு கேஸ்கட் செட். ஒரு மாலைப்பொழுது வேலை. 700 மி.லி. டேங்கை நிரப்பினால் நாற்பது நிமிடம் ஓட்டலாம். தீர்ந்தால் அரை நிமிடத்தில் மறுபடியும் நிரப்பலாம். மின்சாரத்தில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு ஒரு மணி நேரம் சார்ஜரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். செய்யத்தான் போகிறீர்கள் என்றால் செய்யுங்கள். நான் சொல்லவில்லை என்று பிறகு சொல்லாதீர்கள்.

திருகாணி:
தார்ச்சாலை, இப்படி மூன்று வண்டிகளை மாற்றியிருக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது மோட்டாரைப் பற்றித்தான். அது மிகவும் எளிதான பகுதி. நீங்கள் சொன்ன மோட்டார் 56 மி.மீ. விட்டம், 118 மி.மீ. நீளம். பத்து கிலோ வண்டிக்குத் தாராளம். அதை இத்துடன் விட்டுவிடலாம்.

பிரேக்கை என்ன செய்யப்போகிறீர்கள்? உங்கள் பதிவில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. என் முதல் வண்டியில் நானும் யோசிக்கவில்லை. மோட்டாரே பிரேக் பிடிக்குமே என்று ஹைட்ராலிக் சிலிண்டர், குழாய், அதை இயக்கும் சிறு மோட்டாரான சர்வோ எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் போட்டேன். எடை குறைந்தது என்று மகிழ்ச்சி வேறு. நேர்ச்சாலையின் முடிவில் முதன்முறையாக அழுத்திப் பிடித்தேன். வண்டி பம்பரம்போலச் சுற்றி, பின்புறம் முன்னாகப் போய்த் தடுப்பில் மோதியது.

காரணம் எளியது. மோட்டார் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரங்களின் பிடிப்பு குறைகிறது, குறைந்த பிடிப்பின்மீது முழு பிரேக்கும் விழுகிறது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி நேராக நிற்காது. நான்கு சக்கர இயக்கமுள்ள சிறிய மின்சாரக் கார்களை ஓட்டியவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். அங்கே மோட்டாரின் பிரேக் நான்கு சக்கரங்களுக்கும் போய்விடுவதால் தொல்லை தெரிவதில்லை.

80 கி.மீ. வேகத்தில் பத்து கிலோ வண்டி என்பது அதே வண்டியை 25 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போடுவதற்குச் சமம். ஏறக்குறைய எட்டு மாடி. அதை எப்படி நிறுத்துவது என்பதை முதலில் தீர்த்துக்கொண்டு, பிறகு எப்படி ஓட்டுவது என்று பார்க்கலாம்.

ஓமின் மருமகன்:
பிரேக்கில் திருகாணியுடன் முழு உடன்பாடு. செல் கேள்விக்கு நான் வருகிறேன், கணக்கு பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

உங்கள் டயர் விட்டம் சுமார் 120 மி.மீ. இருக்கும். ஒரு சுற்றுக்கு 0.377 மீட்டர். 80 கி.மீ. போக வேண்டுமானால் சக்கரம் நிமிடத்துக்கு 3,540 முறை சுற்ற வேண்டும். பழைய இன்ஜின் உச்சத்தில் 16,000 சுற்று என்று வைத்தால் மொத்தப் பல்விகிதம் 4.5.

800 கேவி என்றால் ஒரு வோல்ட்டுக்கு 800 சுற்று, சுமையில்லாதபோது. 6 செல் 22.2 வோல்ட், ஆக 17,760. சுமையில் நூற்றுக்கு 12 பங்கு குறைத்தால் 15,600 சுற்று. அதே 4.5 விகிதத்தில் 79 கி.மீ. அதாவது ஒரு பல்லைக்கூட மாற்றாமல் பழைய வேகம் கிடைக்கிறது. இதைப் பார்த்துத்தான் பலரும் 6 செல்லோடு நின்றுவிடுகிறார்கள்.

8 செல் 29.6 வோல்ட். அதே விகிதத்தில் 105 கி.மீ. வரும். அது வேண்டாம். பினியனை, அதாவது மோட்டார் தண்டிலுள்ள சிறு பற்சக்கரத்தை, இன்னும் சிறிதாக்கி விகிதத்தை 5.8 ஆக்கினால் 81 கி.மீ. இப்போது ஒப்பிடுங்கள். 3,000 வாட் இழுக்கும் ஒரு கணத்தில் 6 செல்லில் 135 ஆம்பியர், 8 செல்லில் 101 ஆம்பியர். கம்பியிலும் கனெக்டரிலும் பிறக்கும் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. 8 செல்லைவிட 6 செல்லில் அது முக்கால் பங்குக்கும் மேல் கூடுதல். வேகம் ஒன்றுதான், சூடு குறைவு. ஆகவே 8 செல், சிறிய பினியன். 8 செல்லும் வேண்டும் பெரிய பினியனும் வேண்டும் என்பவர்கள் தீயணைப்பானையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. 800 கேவி மோட்டார் ஒரு ஆம்பியருக்கு 0.012 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். பத்து கிலோவில் ஆறு கிலோ பின்னால் இருக்கிறது, டயர் பிடிப்பெண் ஒன்று என்று வையுங்கள். 4.5 விகிதத்திலேயே மோட்டாரில் 67 ஆம்பியர் ஓடினால் டயர் வழுக்கத் தொடங்கிவிடும். முடுக்கத்தில் எடை பின்னால் சாய்வதைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். 5.8 விகிதத்தில் இதைவிடக் குறைந்த ஆம்பியரே போதும். 200 ஆம்பியர் கட்டுப்படுத்தி வாங்குவது குளிர்ச்சியாக இருப்பதற்காக. அந்த 200 ஆம்பியரும் சாலைக்கு இறங்கும் என்று நினைக்க வேண்டாம்.

தார்ச்சாலை:
கண் திறந்தது. எடை குறையுமே என்று நானும் பிரேக்கைக் கழற்றுவதாகத்தான் இருந்தேன்.

சரி, ஹைட்ராலிக்கை வைத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது கார்புரேட்டரையும் பிரேக்கையும் ஒரே சர்வோதான் இயக்குகிறது. ஒரு பக்கம் தள்ளினால் ஆக்ஸிலரேட்டர், மறுபக்கம் பிரேக். கட்டுப்படுத்தி வந்துவிட்டால் அந்த சர்வோவுக்கு எங்கிருந்து கட்டளை போகும்?

திருகாணி:
இரண்டு வழிகள் உண்டு.

ஏழை வழி: ரிசீவரின் இரண்டாம் சேனலில் ஒய் வயர் போட்டு, ஒரு கிளையைக் கட்டுப்படுத்திக்கும் மறுகிளையை சர்வோவுக்கும் கொடுப்பது. ரிமோட்டின் விசையை முன்னுக்கு இழுத்தால் மோட்டார் ஓடும். சர்வோவும் நகரும், ஆனால் பிரேக் கம்பியில் ஏற்கெனவே காலர் வழுக்கும் இடைவெளி இருப்பதால் ஒன்றும் நடக்காது. பின்னுக்குத் தள்ளினால் பிரேக் பிடிக்கும். வேலை செய்யும். ஆனால் மோட்டார் பிரேக்கையும் ஹைட்ராலிக்கையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க ரிமோட்டில் வழியில்லை.

சரியான வழி: மூன்றாம் சேனலை ஆக்ஸிலரேட்டருடன் மிக்ஸ் செய்வது. பிரேக் சர்வோ மூன்றாம் சேனலில் போகும். அதன் எல்லையைத் தனியாக அமைக்கலாம், ஓடும்போதே திருத்தலாம். கட்டுப்படுத்தியில் ரிவர்ஸை நிறுத்திவிடுங்கள். தானாகப் பிடிக்கும் இழுவை பிரேக்கைப் பூஜ்யமாக்குங்கள். மோட்டார் பிரேக்கை முதல் நாள் பூஜ்யத்தில் வைத்து, ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி ஓட்டுங்கள். முன் பின் பிரேக் விகிதத்தைப் பழைய பெட்ரோல் நாட்களில் எப்படி வைத்திருந்தீர்களோ அப்படியே வையுங்கள். அது சரியாக வந்தபிறகு மோட்டார் பிரேக்கை நூற்றுக்கு ஐந்து ஐந்தாகக் கூட்டலாம். நான் பத்துக்கு மேல் போனதில்லை.

ஓமின் மருமகன்:
இதில் ஒரு பொறி இருக்கிறது. கட்டுப்படுத்தியிலிருந்து ரிசீவருக்கு வரும் சிவப்புக் கம்பி ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் கொடுக்கும். பெட்ரோல் காரில் ரிசீவருக்கென்று தனி பேட்டரி ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து மாட்டாதீர்கள்.

என் யோசனை: தனி பேட்டரியை வைத்துக்கொள்ளுங்கள், கட்டுப்படுத்தியின் சிவப்புக் கம்பியைப் பிளக்கிலிருந்து உருவி, டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள். பெரிய ஸ்டீயரிங் சர்வோவும் பிரேக் சர்வோவும் ஒரே நேரத்தில் முட்டி நிற்கும்போது கணிசமான ஆம்பியர் கேட்கும். அந்தச் சிவப்புக் கம்பிக்கு மின்சாரம் தரும், கட்டுப்படுத்திக்குள் இருக்கும் பி.இ.சி. சுற்று அந்தக் கணத்தில் தடுமாறினால் ரிசீவர் அணைந்து மீளும். அந்த அரை நொடியில் வண்டி யாருடையதும் இல்லை.

இதைவிடப் பெரிய காரணம் வேறு. ஓடும்போது முக்கியப் பேட்டரியின் கனெக்டர் கழன்றுவிட்டது என்று வையுங்கள். மோட்டார் பிரேக் இல்லை. பி.இ.சி.யை நம்பியிருந்தால் ஸ்டீயரிங்கும் இல்லை, ஹைட்ராலிக்கும் இல்லை. தனி பேட்டரி இருந்தால் வண்டியை வளைத்து நிறுத்தலாம்.

சிக்னல் போனால் என்ன செய்ய வேண்டும் என்ற ஃபெயில்சேஃபையும் மறக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டர் நடுநிலையில் நின்றால் போதாது, மூன்றாம் சேனல் பிரேக் பிடிக்க வேண்டும். சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டு, ரிமோட்டை அணைத்துச் சோதியுங்கள்.

புதுச்சக்கரம்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 1/8 நைட்ரோ ஆன்-ரோடு கார். இதே முறை அதற்கும் பொருந்துமா?

திருகாணி:
கருத்து பொருந்தும், எண்கள் பொருந்தா. அது நான்கு சக்கர இயக்கம், எடையும் மிகக் குறைவு. அங்கே மோட்டார் பிரேக்கே போதுமானதாக இருக்கலாம். தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இங்கே கலந்தால் இரண்டு பேருக்கும் குழப்பம்.

தார்ச்சாலை, மெக்கானிக்கல் பக்கம் சில குறிப்புகள். பெட்ரோல் வண்டிக்குக் கிளட்ச் ஒரு மெத்தை. இன்ஜின் சுற்று ஏறி, கிளட்ச் வழுக்கி, பிறகுதான் பல்லுக்கு விசை போகும். மோட்டாருக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. நின்ற இடத்திலேயே முழு முறுக்கையும் பல்லின் தலையில் இறக்கும். ஸ்பர், அதாவது பினியன் சுழற்றும் பெரிய பற்சக்கரம், பிளாஸ்டிக்காக இருந்தால் எஃகாக மாற்றுங்கள். கட்டுப்படுத்தியில் பஞ்ச் அளவை, அதாவது கிளம்பும்போது விசை பாயும் வேகத்தை, ஆகக் கீழே வையுங்கள். முறுக்கு மிஞ்சினால் வழுக்கிக்கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் கிடைத்தால் இன்னும் நல்லது, கிடைக்காவிட்டாலும் விரலை அடக்கினால் சமாளிக்கலாம்.

பினியன் வாங்கும்முன் உங்கள் ஸ்பரின் மாடுல் (பல் அளவு) 1 ஆ, 1.5 ஆ என்று அளந்துவிடுங்கள். கிளட்ச் மணியின் பல்லை மோட்டார் தண்டில் மாட்ட முடியாது. தண்டு 8 மி.மீ. என்றால் துளையும் அதே அளவு வேண்டும்.

மோட்டார் தாங்கித் தகடு குறைந்தது 6 மி.மீ. அலுமினியம். 118 மி.மீ. நீள மோட்டாரை முகத்தில் நான்கு திருகு போட்டு மட்டும் தொங்கவிடாதீர்கள். வால் பக்கத்துக்கும் ஒரு வளையம் செய்து சேஸிஸில் பிடியுங்கள். இல்லாவிட்டால் விசை வரும்போது தகடு முறுக்கிக்கொண்டு பற்கள் விலகும். நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும், ஓடும்போதுதான் பல் தின்னும். எங்கே தவறு என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஸ்பர் செலவாயிற்று.

முக்கியமாக, எதையும் மாட்டும்முன் சேஸிஸை நன்றாகக் கழுவுங்கள். பல வருட டூ ஸ்ட்ரோக் எண்ணெய் ஒவ்வொரு திருகுத்துளைக்குள்ளும் ஊறியிருக்கும். எண்ணெய் இருக்கும் இடத்தில் திருகுப் பசை பிடிக்காது.

தார்ச்சாலை:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். வேலை பெரும்பாலும் முடிந்தது, ஒரு விபத்தோடு.

இன்ஜின், சைலன்சர், கிளட்ச், டேங்க், பெட்ரோல் எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டேன். மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. புதிதாகப் போட்டவை இரண்டேகால் கிலோ. 4 செல், 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு, ஒரே நாளில் வாங்கிய ஒரே வகை, சீரியஸ் இணைப்பு. சேஸிஸின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக, அலுமினியத் தொட்டிக்குள், சுற்றிலும் நுரை வைத்துப் பட்டையால் கட்டியிருக்கிறேன். நான்கு சமையலறைத் தராசுகளைச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்துப் பார்த்ததில் இடது வலது வித்தியாசம் 60 கிராம்தான். இன்ஜின் காலத்தில் இவ்வளவு சமமாக இருந்ததே இல்லை.

இனி விபத்து. பேட்டரிகள் முன்னால் தள்ளி இருப்பதால் பேட்டரிப் பக்கக் கம்பியை 35 செ.மீ. நீட்டினேன். கட்டுப்படுத்தி மோட்டாரை ஒட்டிப் பின்னால் இருந்தது. சோதனை ஓட்டத்தில் நான்காம் நிமிடம் கருகிய வாடை. நிறுத்தித் தொட்டுப் பார்த்தால் மோட்டார் வெதுவெதுப்பு, கட்டுப்படுத்தியின் மின்தேக்கிகள் மட்டும் தொட முடியாத சூடு. ஒன்றின் தலை உப்பியிருக்கிறது. கம்பி போதுமான தடிமன்தானே?

ஓமின் மருமகன்:
தடிமன் அல்ல, நீளம். கட்டுப்படுத்தி மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. நீளமான கம்பிக்கு ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைச் சட்டென நிறுத்துவது பிடிக்காது. ஒவ்வொரு வெட்டுக்கும் மின்னழுத்தம் துள்ளும். அந்தத் துள்ளலை விழுங்குவது அந்த மின்தேக்கிகள். விழுங்கி விழுங்கிச் சூடாகி இறந்திருக்கிறது.

நீட்டுவதாக இருந்தால் மோட்டார் பக்க மூன்று கம்பிகளை நீட்டுங்கள், பேட்டரிப் பக்கத்தைச் சுருக்குங்கள். கட்டுப்படுத்தியைப் பேட்டரிகளுக்கு நடுவே, பழைய டேங்க் இருந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கே காற்றும் கிடைக்கும். உப்பிய மின்தேக்கியை மாற்றும்போது 35 வோல்ட்டுடையதைப் போடாதீர்கள். முழு சார்ஜில் 8 செல் 33.6 வோல்ட். மூச்சுவிடவே இடமில்லை. உள்தடை குறைந்த வகையில் 50 வோல்ட்டுடையது போடுங்கள்.

கூடவே, பேட்டரியை மாட்டும்போது பொறி பறக்கிறதா? தீப்பொறித் தடை உள்ள கனெக்டர் போடுங்கள். ஒவ்வொரு பொறியும் கனெக்டரின் முகத்தைக் கொஞ்சம் தின்கிறது.

தார்ச்சாலை:
மாற்றிவிட்டேன். இன்று தடத்தில் ஐந்து முறை ஓட்டினேன்.

முதல் ஓட்டம் மோட்டார் பிரேக் பூஜ்யம். வண்டி பழைய பெட்ரோல் காரைப்போலவே நேராக நின்றது. இரண்டாவதில் ஐந்து, மூன்றாவதில் பத்து. ஆர்வக்கோளாறில் நான்காவதில் இருபத்தைந்து வைத்தேன். இரண்டாம் வளைவிலேயே பின்புறம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. திருகாணி அண்ணா சொன்ன பத்தில் இப்போது நிற்கிறது.

நான் எதிர்பார்க்காத சிக்கல் காதில்தான். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே இத்தனை நாளும் வேகத்தைக் கணித்திருக்கிறேன் என்று இன்றுதான் தெரிந்தது. சத்தம் இல்லாததால் வளைவுக்குள் ஒவ்வொரு முறையும் பத்து கி.மீ. கூடுதலாக நுழைந்தேன். தடத்தில் சக்கரத்தை எடுத்து வைக்க நடந்துகொண்டிருந்த ஒருவருக்கும் வண்டி வருவது கேட்கவில்லை. நல்லவேளை, தள்ளிப் போய்விட்டார். அடுத்த முறை தடத்தில் ஆள் நின்றால் ஓட்டுவதில்லை.

ஒன்பது நிமிடத்தில் 3,900 மில்லி ஆம்பியர்-மணி செலவு. மோட்டார் 71 டிகிரி, கட்டுப்படுத்தி 58.

ஓமின் மருமகன்:
சராசரி 770 வாட். நல்ல எண். மோட்டார் 80 டிகிரியைத் தாண்டினால் பினியனில் ஒரு பல் குறையுங்கள், காந்தம் சூட்டில் பலமிழந்தால் ஆறியபிறகும் முழுதாகத் திரும்பாது. வீட்டுக்குப் போனதும் மீதமுள்ளதை அப்படியே விடாமல் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள்.

புகைக்குழல் கவனத்துக்கு: 700 மி.லி. பெட்ரோலில் சுமார் 6.2 கிலோவாட்-மணி ஆற்றல் உண்டு. இதே வேகத்தில் நீங்கள் நாற்பது நிமிடம் ஓட்டினால் நூற்றுக்கு எட்டுப் பங்குதான் வேலைக்கு ஆகிறது. மீதியில் காற்றைச் சூடாக்குகிறீர்கள்.

புகைக்குழல்:
இருக்கட்டும். எட்டுப் பங்கிலேயே நாற்பது நிமிடம் ஓடுகிறது. உங்களுடையது தொண்ணூறு பங்கு வேலை செய்து ஒன்பது நிமிடத்தில் படுத்துவிட்டது. ஓட்டத்தானே தடத்துக்கு வருகிறோம்.

பிரேக்கைக் கழற்றாமல் வைத்தது நல்ல வேலை, அதை ஒப்புக்கொள்கிறேன். வேறு ஒன்று கேட்க வேண்டும். தார்ச்சாலை, மேசைமேல் பிரித்து வைத்த அந்த 23 சிசி இன்ஜினை என்ன செய்யப் போகிறீர்கள்? சிலிண்டரில் கோடு விழாமல் இருந்தால் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தார்ச்சாலை:
சிலிண்டர் கண்ணாடிபோல இருக்கிறது. ஆனால் நேற்றுதான் புதிய பேரிங் இரண்டு வந்து சேர்ந்தன. சும்மா பொருத்திப் பார்க்கலாம் என்று வாங்கினேன். கார்புரேட்டர் வேண்டுமானால் ஒன்று உபரியாக இருக்கிறது, தனிச்செய்தி அனுப்புங்கள்.